இலக்கணப் பயிற்சியும் பிரெஞ்சு மொழித் திறனும்: ஐந்நூறு ஆண்டு விவாதத்தின் மீள்பார்வை

பிரெஞ்சு கற்கும் ஒருவர் விதியைப் படிக்கிறார், கோடிட்ட இடங்களை நிரப்புகிறார், ஒரே வினைச்சொல்லைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறார். இப்படிச் சேர்த்த அறிவு, எதிரே ஒருவர் நின்று பேச்சுக் கொடுக்கும்போது நாவுக்கு வருமா? வருமென்றால் எவ்வகைப் பயிற்சி அதைக் கொண்டுவருகிறது? வராதென்றால் இலக்கண நூல்களால் கற்பவருக்கு என்ன பயன்? பிரெஞ்சு அயல்மொழியாகக் கற்பிக்கப்படத் தொடங்கிய நாள்முதல் ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வருகிறார்கள். கடந்த அறுபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அந்த விடைகளை வகுப்பறைகளில் சோதித்தும் வருகிறார்கள்.

விவாதம் முழுவதிலும் மூன்று வெவ்வேறு திறன்கள் ஒன்றோடொன்று கலந்து பேசப்படுகின்றன. விதியைச் சொல்லத் தெரிவது ஒன்று. நேரம் எடுத்துக்கொண்டு விதிப்படி எழுத முடிவது இன்னொன்று. பேசும் வேகத்தில், விதியை எண்ணாமலே சரியாகச் சொல்ல முடிவது மூன்றாவது. ஒவ்வொரு முறையும் இவற்றுள் ஏதோ ஒன்றை மனத்தில் கொண்டே எழுந்தது. முறைகளை ஒப்பிடும்போது இந்தப் பகுப்பை விட்டுவிடக் கூடாது.

பழக வேண்டியது என்ன?

பிரெஞ்சு இலக்கணத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே வகையில் கடினமானவை அல்ல. நான்கு பகுதிகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும்.

முதலாவது பால். தமிழில் பால் பொருளைப் பின்பற்றுகிறது. அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் என்று எண்ணிக்கைதான் கணக்கு. மேசை ஆணா பெண்ணா என்ற கேள்வி எழுவதே இல்லை. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். புத்தகம் ஆண்பால், ஆகவே ‘ல லீவ்ர்’. மேசை பெண்பால், ஆகவே ‘லா தாப்ள்’. முன்னே வரும் சார்படை, உடன்வரும் பெயரடை, பின்னர் அதைச் சுட்டும் பிரதிப்பெயர் என எல்லாமே அந்தப் பாலுக்கு ஏற்ப மாறும்.

இரண்டாவது வினைத்திரிபு. வினைமுற்று இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவது தமிழருக்குப் புதிதில்லை. ஆனால் பிரெஞ்சில் எழுத்தும் ஒலியும் பிரிந்து நிற்கின்றன. ‘பேசு’ என்று பொருள்படும் ‘பார்லே’ நிகழ்காலத்தில் ஆறு இடங்களுக்கு ஐந்து விதமாக எழுதப்படுகிறது. காதில் விழுவதோ மூன்றே வடிவங்கள்: ‘பார்ல்’, ‘பார்லோன்’, ‘பார்லே’. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் ஒலி ‘பார்ல்’தான், ஈற்றெழுத்துகள் மௌனம். பேச்சுவழக்கில் ‘நாம்’ என்பதற்குப் பதிலாக ‘ஓன்’ வந்து ‘பார்ல்’ என்றே முடிவதால், அன்றாட உரையாடலில் பெரும்பாலும் இரண்டு வடிவங்களே மிஞ்சும்.

மூன்றாவது கடந்தகாலம். ‘பஸ்ஸே கொம்போஸே’ நடந்து முடிந்த நிகழ்வைச் சொல்கிறது. ‘ஆம்பர்ஃபே’ அந்நேரம் நடந்துகொண்டிருந்ததை, வழக்கமாக நடந்ததை, நிலவிய நிலையைச் சொல்கிறது. ‘தொலைபேசி ஒலித்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்’ என்பதில் ஒலித்தது முதல் வடிவம், தூங்கியது இரண்டாம் வடிவம். இதுவரை தமிழும் பிரெஞ்சும் இணையாகவே போகின்றன. ‘சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளிப்பேன்’ என்னும்போது தமிழ் எதிர்கால இடைநிலையைக் கொண்டு பழைய வழக்கத்தைச் சொல்கிறது. பிரெஞ்சு அங்கேயும் ஆம்பர்ஃபேயையே கேட்கும். ‘வீடு பெரியதாக இருந்தது’ என்பதற்கும் அதே வடிவம். தமிழில் மூன்று இடங்களில் கிடப்பதைப் பிரெஞ்சு ஒரே வடிவத்துக்குள் வைத்திருக்கிறது.

நான்காவது வினைக்கு முன் வந்து ஒட்டும் சிறு பிரதிப்பெயர்கள். ‘அதை அவருக்குக் கொடுக்கிறேன்’ என்பது ‘ஜ ல லுய் தொன்’. எதிர்மறையும் கடந்தகாலமும் சேரும்போது ‘ஜ ந ல லுய் ஏ பா தொனே’ என்று ஓரசைச் சொற்கள் நிரையாக நிற்கும். வரிசை மாறக் கூடாது. விதி எளிதுதான், பேசும் வேகத்தில் அதைக் கைக்கொள்வதே கடினம்.

முதல் சிக்கல் நினைவைச் சார்ந்தது. இரண்டாவது காதும் கண்ணும் முரண்படுவதால் வருவது. மூன்றாவது பொருளைச் சார்ந்தது. நான்காவது வேகத்தைச் சார்ந்தது. இந்த நான்குக்கும் ஒரே பயிற்சி போதும் என்று எண்ணியதே பல முறைகளின் பொதுப் பலவீனம்.

விதியும் மொழிபெயர்ப்பும்

பிரெஞ்சு மொழிக்கான முதல் பேரிலக்கணங்களுள் ஒன்று பிரான்சில் பிறக்கவில்லை. எட்டாம் ஹென்றியின் தங்கை மேரிக்குப் பிரெஞ்சு கற்பித்த ஜான் பால்ஸ்கிரேவ், ஆங்கிலேயர் கற்பதற்காக ஆங்கிலத்திலேயே எழுதி 1530இல் லண்டனில் அதை வெளியிட்டார். பெரும் பட்டியல்களும் விதிகளும் கொண்ட அந்த நூல், மொழியை முழுவதும் விளக்கிவிட்டால் கற்பவர் தாமே பயன்படுத்திக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நின்றது. 1570களில் அதே லண்டனில் பிரெஞ்சு அகதியான குளோத் த சாங்லியான் வெளியிட்ட பாடநூல்கள், சந்தை, விருந்து, பள்ளி எனும் சூழல்களில் நிகழும் உரையாடல்களுக்கு முதன்மை தந்தன. விதி முதலில் வர வேண்டுமா, பேச்சு முதலில் வர வேண்டுமா என்ற பிளவு அந்த நூற்றாண்டிலேயே தெரிகிறது.

விதியைப் படித்து அதற்கான வாக்கியங்களை மொழிபெயர்க்கும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. யோஹான் வாலன்டின் மைடிங்கர் 1783இல் ஜெர்மன் மாணவர்களுக்காக வெளியிட்ட பிரெஞ்சு இலக்கணம் அதன் தொடக்க கால முன்மாதிரிகளுள் ஒன்று. ஒரு விதி, சில எடுத்துக்காட்டுகள், பிறகு பிரெஞ்சில் எழுதுவதற்குத் தாய்மொழி வாக்கியங்கள் என்ற அமைப்பு அதிலிருந்து பரவியது. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் புளெட்ஸின் பாடநூல்கள் ஜெர்மன் பள்ளிகளில் இதையே நிலைநிறுத்தின.

இம்முறையின் வலிமைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. பெரிய வகுப்பிலும் நடத்தலாம். பேச்சில் சரளமில்லாத ஆசிரியரும் நடத்தலாம். விடைத்தாளைத் திருத்துவது எளிது. விதிகள் ஒழுங்காக அடுக்கப்படுவதால் மாணவர் தாம் எங்கே நிற்கிறோம் என்று அறிவார். வாசிப்புக்கும் எழுத்துக்கும் இது ஓரளவு பயன்பட்டது. பலவீனம் பேச்சில் வெளிப்பட்டது. வாக்கியங்கள் விதிக்காகவே தைக்கப்பட்டவை என்பதால் யாரும் யாரிடமும் சொல்லாத செய்திகளாக இருந்தன. பயிற்சியின்போது தேவையான விதி எது என்பது பாடத்தின் தலைப்பிலேயே இருந்தது. உரையாடலில் அப்படி எந்தத் தலைப்பும் இருப்பதில்லை. எந்த விதி வேண்டும் என்று முடிவெடுப்பதே அங்கே பாதி வேலை.

விதியை ஒதுக்கிய முறைகள்

எதிர்ப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரண்டது. ஜெர்மன் கற்கப் புறப்பட்ட பிரெஞ்சு ஆசிரியர் பிரான்சுவா குவான், இலக்கண நூலையும் 248 ஒழுங்கற்ற வினைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு பல்கலைக்கழக விரிவுரைக்குப் போய், ஒன்றும் விளங்காமல் திரும்பினார். தம் மருமகன் விளையாட்டினூடே மொழியை வரிசைப்படுத்திக்கொள்வதைக் கவனித்த பிறகு, செயல்தொடர்களாக மொழியைக் கற்பிக்கும் முறையை 1880இல் நூலாக்கினார். கதவை நோக்கி நடக்கிறேன், பிடியைப் பற்றுகிறேன், திருப்புகிறேன், திறக்கிறேன் என்று செய்துகொண்டே சொல்லும் முறை அது.

1882இல் வில்ஹெல்ம் ஃபியெட்டர் மொழிக்கல்வியே திசைமாற வேண்டும் என்று அறைகூவினார். 1886இல் போல் பாசியும் சக ஆசிரியர்களும் பாரீசில் ஒலியியல் சங்கத்தைத் தொடங்கினர். பேச்சொலியே கல்வியின் அடிப்படை என்பது அவர்களின் நிலைப்பாடு. கடல் கடந்து, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் 1878இல் தொடங்கிய பள்ளி, தாய்மொழியை வகுப்பிலிருந்தே விலக்கியது. பொருளைக் காட்டி, செயலைச் செய்து, கேள்வியும் விடையுமாகப் பாடம் நடந்தது. விதி சொல்லப்படவில்லை, எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவரே உய்த்துணர வேண்டும். பிரான்சின் கல்வி அமைச்சகம் 1901–02இல் அயல்மொழிகளுக்கு இந்நேர்முறையை ஆணையாகவே பிறப்பித்தது.

சிறு குழு, சரளமான ஆசிரியர், நிறைய நேரம் ஆகிய மூன்றும் அமைந்தபோது நேர்முறை நன்றாக நடந்தது. அரசுப் பள்ளிகளில் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. ‘இது புத்தகம்’ என்று காட்டிவிடலாம். பஸ்ஸே கொம்போஸேக்கும் ஆம்பர்ஃபேக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் சுட்ட முடியாது. 1925இல் பிரான்சில் வந்த புதிய ஆணைகள் தாய்மொழிக்கும் விதி விளக்கத்துக்கும் ஓரளவு இடத்தைத் திருப்பித் தந்தன.

பழக்கமே மொழி என்ற கொள்கை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் நடத்திய மொழிப் பயிற்சிகளின் அனுபவமும், மொழியைத் தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையிலான பழக்கமாகக் கண்ட உளவியலும் சேர்ந்து 1950களில் கேட்டல்–பேசல் முறையாக வடிவெடுத்தன. ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்வார்; மாணவர் அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றித் திரும்பச் சொல்வார். பிழை பழக்கமாகிவிடக் கூடாது என்பதால் பிழைக்கே இடம் தராத பயிற்சி வேண்டும் என்றார்கள்.

பிரெஞ்சுக்கு இதோடு உறவுடைய தனி வழி ஒன்றும் உருவானது. ஜார்ஜ் குகென்ஹைம், போல் ரிவாங் முதலானோர் பாரீசை அடுத்த சாங்-க்லூவிலிருந்து செயல்பட்டு, மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, ஏறத்தாழ 3 லட்சம் சொற்களை எண்ணி, அடிக்கடி வரும் சொற்களையும் இலக்கண அமைப்புகளையும் தேர்ந்தெடுத்தனர். 1954இல் வெளியான அந்தத் தேர்வு பின்னர் ‘பிரான்சே ஃபொந்தமாந்தால்’, அதாவது அடிப்படைப் பிரெஞ்சு, என்று பெயர்பெற்றது. பெத்தார் குபெரினாவின் ஒலி–ஒளி அணுகுமுறையோடு இணைந்து, படச்சுருளும் ஒலிநாடாவும் கொண்ட பாடத்திட்டமாகவும் அது வளர்ந்தது. எதைப் பழக வேண்டும் என்பதை ஆசிரியரின் ஊகத்துக்கு விடாமல் மக்களின் பேச்சிலிருந்தே எடுத்தது இம்முயற்சியின் நிலையான கொடை.

கொள்கை அளவில் அடி விழுந்தது 1959இல். மொழியைப் பழக்கமாகக் காண்பது, இதுவரை கேட்டிராத வாக்கியங்களை மனிதர் உருவாக்குவதை விளக்காது என்று மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, உளவியலாளர் ஸ்கின்னரின் நூலை மதிப்பிட்டபோது வாதிட்டார். வகுப்பிலும் குறை தெரிந்தது. பொருளை எண்ணாமலே சரியான வடிவத்தைச் சொல்லிவிட முடிந்த பயிற்சிகள், பொருளைச் சொல்ல வேண்டிய நேரத்தில் கைகொடுக்கவில்லை.

இதற்கு நெருக்கமான ஒரு தரவு பின்னாளில் இங்கிலாந்துப் பள்ளிகளிலிருந்து வந்தது. புதிதாகப் பிரெஞ்சு கற்கும் மாணவர்களை ஃபுளோரன்ஸ் மைல்ஸும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ‘எனக்குப் பிடிக்கும்’ எனப் பொருள்படும் ‘ஜெம்’ என்பதை மாணவர்கள் ஒரே சொல்லாக எண்ணிப் பழகியிருந்தனர். ‘அவனுக்குப் பிடிக்கும்’ என்று சொல்ல வேண்டிய இடத்திலும் அவன் பெயரோடு ‘ஜெம்’ என்றே சேர்த்தனர். மனப்பாடத் தொடர்கள் வீண் என்று இதற்குப் பொருளில்லை. தொடர்களைக் கைவிடாமல் அவற்றை மெல்லப் பிரித்துப் பார்த்த மாணவர்களே மேலும் முன்னேறினர் என்றும் அதே ஆய்வு காட்டுகிறது. மனப்பாடத் தொடர் இலக்கணத்துக்கு மூலப்பொருளாகலாம், தானாகவே இலக்கணமாகிவிடுவதில்லை.

கேட்டுப் புரிந்துகொண்டால் போதுமா?

1970களில் கருத்துப்பரிமாற்ற அணுகுமுறை மேலெழுந்தது. ஐரோப்பியக் கவுன்சில் 1976இல் பிரெஞ்சுக்கு வெளியிட்ட ‘நிவோ-ஸெய்’ என்னும் தொடக்கநிலை வரையறை, பாடத்தை இலக்கணத் தலைப்புகளால் வகுக்காமல் மன்னிப்புக் கேட்டல், மறுத்தல், அழைத்தல் போன்ற பேச்சுச் செயல்களால் வகுத்தது. இந்தச் சூழலில் ஸ்டீபன் கிராஷன் இன்னும் கூர்மையான நிலைப்பாட்டை எடுத்தார். உணர்ந்து கற்ற விதி, இயல்பாக ஈட்டிய மொழியாக மாறுவதே இல்லை. விதியறிவு பேச்சை மேற்பார்வையிட மட்டுமே உதவும். புரியக்கூடிய மொழியை நிறையக் கேட்பதும் வாசிப்பதுமே மொழியைத் தரும் என்பது 1980களின் தொடக்கத்தில் அவர் வகுத்த கொள்கை.

இதைச் சோதிக்கக் கனடாவில் ஏற்கெனவே ஒரு பெரும் களம் இருந்தது. மான்ட்ரியாலை அடுத்த சாங்-லாம்பேரில் 1965இல், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால், அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழிக் கல்வி தொடங்கியது. கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் பிரெஞ்சிலேயே நடந்தன. அந்த மாதிரி நாடெங்கும் பரவியது. பிள்ளைகள் புரிந்துகொள்ளும் திறனில் தாய்மொழியாளரை நெருங்கினர். பாட அறிவிலும் பின்தங்கவில்லை. வழக்கமான மொழி வகுப்புகளால் எட்ட முடியாத வெற்றி அது.

ஆனால் ஆறேழு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மணிநேரம் பிரெஞ்சு கேட்ட பிறகும் அவர்கள் பேச்சிலும் எழுத்திலும் சில பிழைகள் விடாமல் நின்றன. பெயர்ச்சொல்லின் பால் தடுமாறியது. ஆம்பர்ஃபே வர வேண்டிய இடத்தில் பஸ்ஸே கொம்போஸே வந்தது. நெருக்கமானவரிடம் சொல்லும் ‘த்யு’வையே மரியாதைக்குரியவரிடமும் சொன்னார்கள். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டோடு வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கருத்தளவில் சிக்கலில்லாத இடம் இது. அந்த வேறுபாடு இல்லாத ஆங்கிலத்திலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய இடைவெளி. வகுப்பறையில் ஆசிரியர் பேசும் பிரெஞ்சில் மரியாதைப் பன்மை ஒருவரை நோக்கி வருவதும், வழக்கத்தைச் சொல்லும் ஆம்பர்ஃபே வருவதும் குறைவு என்பதை ஆய்வுகள் கண்டன. கேட்பதில் இல்லாததைக் கேட்டுப் பெற முடியாது.

மெரில் ஸ்வேன் 1985இல் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். புரிந்துகொள்ளச் சொற்களின் பொருளும் சூழலும் போதும். இலக்கணத்தைக் கவனிக்காமலே பொருளைப் பிடித்துவிடலாம். பேசும்போதும் எழுதும்போதும்தான் எந்த வடிவம் என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வருகிறது. ஆகவே கற்பவர் தம் எல்லைக்கு மேலே தள்ளப்பட்டு மொழியை வெளிப்படுத்த வேண்டும் என்றார். கிராஷனின் கொள்கை இதனால் முழுதும் பொய்யாகிவிடவில்லை. அதன் பெரும்பகுதியை மாணவர்களின் புரிதல் திறனே உறுதிப்படுத்துகிறது. கேட்பது ‘மட்டும்’ போதும் என்ற பகுதிதான் ஆட்டம் கண்டது.

நடுவழிகள்

1990 முதல் வந்த நிலைப்பாடுகள் பெரும்பாலும் இரு முனைகளுக்கும் இடையில் நிற்கின்றன. கவனத்தில் படாத வடிவம் கற்கப்படுவதில்லை என்று ரிச்சர்ட் ஷ்மிட் வாதிட்டார். பொருள்பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, தேவை எழும் இடத்தில் வடிவத்துக்குக் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்றார் மைக்கேல் லாங். இத்தகைய கருத்துகள் பிரெஞ்சு வகுப்பறைகளில் சோதிக்கப்பட்டன.

பிர்கிட் ஹார்லி, பிரெஞ்சு வழியில் படிக்கும் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு எட்டு வாரம் இரு கடந்தகாலங்களிலும் பொருளோடு கூடிய பயிற்சி தந்தார். பயிற்சி முடிந்ததும் சில தேர்வுகளில் அவர்கள் முந்தினர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெறாத குழுவும் அதே நிலைக்கு வந்திருந்தது. ராய் லிஸ்டர் ‘த்யு’, மரியாதைப் பன்மையான ‘வூ’ பற்றி நடத்திய பயிற்சியும் பின்னர் பால் பற்றி நடத்திய பயிற்சியும் இன்னும் உறுதியான பலனைக் காட்டின. ஒரே வகையான தலையீடு ஒரு பகுதியில் நிலைத்தும் இன்னொன்றில் கரைந்தும் போகலாம் என்பதற்கு இவை சான்று.

பிழைதிருத்தம் குறித்தும் லிஸ்டரின் பங்களிப்பு முக்கியமானது. 1997இல் லைலா ராந்தாவுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பிழையைத் திருத்தும் வேளைகளில் பாதிக்கு மேல் மாணவரின் வாக்கியத்தைத் தாமே சரியாகத் திரும்பச் சொல்லிவிட்டு நகர்வதைக் கண்டார். மாணவர் ‘ல தாப்ள்’ என்றால் ஆசிரியர் ‘ஆம், லா தாப்ள்’ என்பார். மாணவர் அதைத் தம் கருத்துக்குக் கிடைத்த ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறார். ‘ல-வா?’ என்று கேட்டு, மாணவரே திருத்தும்படி காத்திருப்பது குறைவாகவே நடந்தது. நடந்தபோது மாணவர் தாமே திருத்திக்கொள்வது மிகுந்தது. மாறாக, எழுதுவதில் வரும் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனே இல்லை என்று ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டதும், டானா ஃபெரிஸ் அதை மறுத்ததும் இன்னும் முடியாத விவாதம்.

பில் வான்பாட்டன் பயிற்சியின் திசையையே மாற்றினார். கற்பவர் வாக்கியத்தின் முதல் பெயரைச் செய்பவராக எண்ணும் இயல்புடையவர். ‘ஜான் ஃபே ப்ரொம்னே ல ஷியான் ஆ மாரி’ என்றால் நாயை உலாத்துபவர் ஜான் என்று எண்ணிவிடுவார். உண்மையில் மாரியை நாயை உலாத்தும்படி செய்கிறார் ஜான். சொல்லப் பழகுவதற்கு முன், யார் என்ன செய்தார் என்று வடிவத்தைக் கொண்டே முடிவுசெய்யும்படி கேட்டுப் பழக வேண்டும் என்பது வான்பாட்டனின் வழி. இதே அமைப்பை வைத்து 2000இல் லிண்டா குவின் ஆலன் நடத்திய ஆய்வு, மரபான பயிற்சியும் புரிதலில் குறைந்ததில்லை, சொல்வதில் மேலானது என்று கண்டது. 2004இல் வான்பாட்டனும் வின் வோங்கும் மறுபடி நடத்திய சோதனை தங்கள் நிலைப்பாட்டுக்கே ஆதரவு தந்தது. பயிற்சி எப்படி அமைக்கப்பட்டது, தேர்வு எதை அளந்தது என்பவை முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ராபர்ட் டிகீசர் மொழியை மற்றத் திறன்களோடு வைத்துப் பார்க்கிறார். விதியறிவு முதலில் வரும், செயலில் பழகும், நீண்ட பயிற்சியில் தானாக ஓடும். நீந்தும் விதியைப் படித்தவர் நீரில் இறங்கித்தான் நீந்தப் பழக வேண்டும் என்பது போன்ற நிலைப்பாடு இது. ஒரு திசையில் பழகியது அந்தத் திசையிலேயே மிகுதியும் பலன் தருகிறது என்ற கருத்தும் இதனோடு சேர்ந்தது. எழுதிப் பழகியது எழுத்துக்கு, கேட்டுப் பழகியது கேட்டலுக்கு. விதியறிவும் இயல்பறிவும் மூளையில் தனித்தனியே நிற்பவை, ஒன்று மற்றொன்றாக மாறாது என்று கருதுவோர் இதை ஏற்பதில்லை.

அளவீடுகளும் அவற்றின் எல்லைகளும்

2000இல் ஜான் நாரிஸும் லூர்தெஸ் ஒர்த்தேகாவும் 49 ஆய்வுகளைத் தொகுத்து அளந்தனர். இலக்கணம் கற்பித்தல் பயன் தருகிறது. வெளிப்படையாக விதி சொல்லிக் கற்பித்தல், சொல்லாமல் கற்பிப்பதைவிட மிகுந்த பயன் தருகிறது என்பது முடிவு. 2015இல் வந்த இன்னொரு தொகுப்பும் இதே திசையில் நின்றது. ஆனால் நாரிஸ்–ஒர்த்தேகா எச்சரித்தபடி, பெரும்பாலான ஆய்வுகளின் தேர்வுகள் நிதானமாக எண்ணி விடையளிக்கும் வகையினவே. விதி கற்றவருக்கு அத்தகைய தேர்வு சாதகமானது. தொடக்கத்தில் பிரித்த மூன்றாம் திறன் அங்கே முழுமையாக அளக்கப்படவில்லை.

கற்பவர் கடக்கும் படிகளும் ஓர் எல்லை. ஆய்வாளர்கள் இங்கெ பார்ட்னிங்கும் சூசான் ஷ்லீட்டரும் 2004இல் சுவீடன் நாட்டவரின் பிரெஞ்சை ஆராய்ந்து ஆறு படிநிலைகளை விவரித்தனர். வினைக்கு முன் வரும் பிரதிப்பெயர், ‘சுப்ஜோங்க்திஃப்’ என்னும் ஐயப்பாட்டு வினை, பன்மைப் படர்க்கையில் மாறும் ஒழுங்கற்ற வினைகள் ஆகியவை பிந்தியே வருகின்றன. பால் ஒத்திசைவில் பிழை உயர்நிலையிலும் நீடிக்கிறது. பாடநூலின் வரிசையும் மனத்தில் வளரும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பயிற்சியை எப்படிப் பகிர்வது என்பதில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாய்வு இன்றும் துணை. ஒரே நாளில் குவிப்பதைவிட இடைவெளிவிட்டுத் திரும்ப நினைவுகூர்வது நிலைக்கிறது. பலவகை விதிகளைக் கலந்து பழகுவதன் பலன் அவ்வளவு நேரானதில்லை. ஷானா கார்பென்டரும் ஃபிராங்க் முல்லரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு உச்சரிப்பு விதிகளைக் கலந்து பழகியவர்களைவிட ஒவ்வொரு விதியாகப் பழகியவர்களே நன்றாகக் கற்றனர்.

தேர்வு வடிவம் பயிற்சியைத் தீர்மானிப்பதும் உண்மை. 1985இல் தொடங்கிய பிரெஞ்சு மொழிச் சான்றிதழான டெல்ஃப் தேர்வில் இலக்கணத்துக்கெனத் தனிப் பகுதி கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் சம மதிப்பெண். இன்னொரு பிரெஞ்சு மொழித் தேர்வான டிசிஎஃபின் பொது வடிவில் மொழி அமைப்புகளுக்குத் தனிப் பகுதி உண்டு. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்பில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்கும் மாணவருக்கும், பிரான்சில் வதிவிட அனுமதிக்காக மொழிச் சான்று தேடும் ஈழத்தமிழருக்கும் ஒரே பயிற்சி நூல் பொருந்தாததன் காரணம் இதுவே.

பகுதிக்கேற்ற பயிற்சி

தொடக்கத்தில் சொன்ன நான்கு சிக்கல்களுக்கு ஆய்வுகள் தரும் குறிப்புகள் வெவ்வேறானவை. பால் முழுக்க மனப்பாடம் என்ற நம்பிக்கை ஓரளவே சரி. லிஸ்டர் 2006இல் ஒரு சிறுவர் அகராதியின் ஏறத்தாழ 10,000 பெயர்ச்சொற்களை ஆராய்ந்து, சொல்லின் ஈற்றைக் கொண்டு ஐந்தில் நான்கு பங்குச் சொற்களின் பாலைக் கணிக்கலாம் என்று காட்டினார். ‘-ஸியோன்’ என முடிவன பெரும்பாலும் பெண்பால். ‘விலாஜ்’ போல ‘-ஆஜ்’ என முடிவன பெரும்பாலும் ஆண்பால், கடற்கரையைக் குறிக்கும் ‘பிளாஜ்’ விலக்கு. ஆகவே ஈறுகளை வகைப்படுத்திப் பழகுவதும், சொல்லைச் சார்படையோடு சேர்த்தே மனத்தில் பதிப்பதும் பொருந்துகின்றன.

வினைத்திரிபில் எழுத்துப் பயிற்சியையும் ஒலிப் பயிற்சியையும் பிரித்துக்கொள்வது தகும். எழுத்து வடிவங்களைச் சரியாக நிரப்பும் மாணவர் பேச்சில் ஒலிக்காத ஈறுகளையும் ஒலித்துவிடலாம். சொல்வதெழுதுதல் இரண்டையும் இணைக்கும் பழைய கருவி. பிரான்சின் பிள்ளைகளும் மௌன ஈறுகளை அதன் மூலம் பழகுகிறார்கள். கடந்தகால இணைக்கு ஒற்றை வாக்கியப் பயிற்சி போதாது. பின்னணியும் நிகழ்வும் கொண்ட முழுக் கதையில்தான் தேர்வு அர்த்தம் பெறுகிறது. பிரதிப்பெயர் வரிசைக்கு வேகமான வாய்மொழிப் பயிற்சி தேவை. கேட்டல்–பேசல் முறையின் மாற்றுப் பயிற்சிகள், பொருளோடு சேர்க்கப்பட்டால், இங்கே இன்னும் பயன்படும்.

சில விதிகளுக்கு எவ்வளவு நேரம் செலவிடுவது என்பதும் தனிக் கேள்வி. ‘அவ்வார்’ துணைவினையோடு வரும் இறந்தகால எச்சம், முன்னே வந்த செயப்படுபொருளோடு ஒத்திசைய வேண்டும் என்ற விதி 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய முன்மாதிரியைப் பின்பற்றிக் கிளெமான் மரோ பரப்பியது. பெரும்பாலும் எழுத்திலேயே தெரியும் இதில் தாய்மொழியாளரும் தவறுகிறார்கள். 2018இல் பெல்ஜியத்திலிருந்து எழுந்த எளிமையாக்கக் கோரிக்கை பொது விவாதமாயிற்று. தொடக்கநிலை மாணவரின் நேரத்தை இதற்குச் செலவிடுவது நியாயமா என்பது மொழியியலோடு சமூக மதிப்பையும் சார்ந்த முடிவு.

திறந்திருப்பவை

இதுவரை கிடைத்த சான்றுகளிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நிறையக் கேட்காமலும் வாசிக்காமலும் பிரெஞ்சு வருவதில்லை. கேட்டலும் வாசித்தலும் மட்டும் எல்லாவற்றையும், குறிப்பாகக் காதில் மெலிதாக விழும் வடிவங்களையும் அரிதாக வரும் வடிவங்களையும், தந்துவிடுவதில்லை. விதி விளக்கம் கவனத்தைத் திருப்புகிறது. பொருளைச் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு நடக்கும் பயிற்சி, பொருளற்ற நிரப்பலைவிட உரையாடலுக்கு நெருக்கமானது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் குறைவில்லை. விதியறிவு இயல்பறிவாக மாறுகிறதா, அல்லது அதன் அருகில் இன்னொன்று வளர வழிவிடுகிறதா என்பது கொள்கையளவில் தீரவில்லை. பயிற்சியின் பலன் ஆண்டுகள் கடந்து நிற்கிறதா என்பதைத் தொடரும் ஆய்வுகள், உடனடிப் பலனை அளப்பவற்றைவிட மிகக் குறைவு. பிரெஞ்சு வழிக் கல்வியில் வளரும் பிள்ளைகளிடம் கண்ட முடிவுகளை வாரத்தில் சில மணிநேரம் படிக்கும் வயதுவந்தோருக்கு அப்படியே நீட்டிக்க முடியாது. முக்கியமான ஆய்வுகள் பலவும் ஆங்கிலம், சுவீடிஷ் பேசுவோரை வைத்து நடந்தவை. வினைக்கு முன்னே பிரதிப்பெயரை வைப்பது இயல்பாகவும், பொருள்களுக்குப் பால் சொல்வது அயலாகவும் உள்ள தமிழ்பேசுவோரின் தடைகள் வேறு இடங்களில் இருக்கக்கூடும். அவற்றை அவர்களிடமே ஆராய வேண்டும்.

ஆகவே, இலக்கணத்தைப் பழகலாமா கூடாதா என்ற பழைய கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்கும் அறிகுறி இல்லை. எந்தப் பகுதியை, எத்திறனுக்காக, கற்றலின் எந்தக் கட்டத்தில், எவ்வகைப் பயிற்சியால் என்று பிரித்துக் கேட்கும்போது சான்றுகள் பயன்தரும் விடைகளைத் தருகின்றன. அந்தப் பிரிப்பை ஏற்காத எந்த முறையும், புதியதானாலும் பழையதானாலும், தன் வெற்றியின் எல்லையை விரைவில் சந்திக்கும் என்பதையே இந்த ஐந்நூறு ஆண்டு வரலாறு சுட்டுகிறது.